பெரியப்பாவுக்குப் பேச்சுத்தான் போனது

பெரியப்பாவுக்குப் பாரிசவாதம் வந்தது ஒரு காலைநேரம். தேத்தண்ணிக் கோப்பை வலக்கையிலிருந்து நழுவி விழுந்தது. பெரியம்மா ஓடிவந்து "என்னப்பா செய்யுது?" என்று கேட்டதற்கு, "என்னண்டா... என்னண்டா..." என்பதற்கு அப்பால் அவரால் போக முடியவில்லை. "என்னவென்றால்" என்பதை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். இரண்டு வருடமாகிவிட்டது. கால் ஓரளவு தேறிவிட்டது; பேச்சு அந்த ஒரு சொல்லிலேயே நிற்கிறது. தண்ணீர் வேண்டுமென்றாலும் "என்னண்டா", பேரனை ஏசுவதற்கும் "என்னண்டா".

பார்க்க வந்த சனம் முதல் கிழமையே தீர்ப்பெழுதிவிட்டது. "பாவம், மனுசனுக்கு மூளை போயிட்டுது." இதை அவருக்கு முன்னாலேயே சொன்னவர்கள் உண்டு. இன்னும் சிலர் காது கேளாதவரோடு கதைப்பதுபோல் குனிந்து, சத்தமாக, "அண்ணை, சாப்... பிட்... டீங்களோ?" என்று கேட்பார்கள். பெரியப்பா கண்ணை மூடிக்கொள்வார்.

ஆனால் ஞாயிறு பின்னேரம் விறாந்தையில் 304 என்ற காட்ஸ் விளையாட்டு நடக்கும்போது அவரோடு மோதிப் பாருங்கள். ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20 என்று விழுந்த காட்ஸின் புள்ளிகளை மனதுக்குள்ளே கூட்டி, கவிழ்த்து வைத்த துரும்பு என்னவாக இருக்கும் என்று மூன்றாவது சுற்றிலேயே பிடித்துவிடுவார். கேள்வி (ஏலம்) கேட்பதை இடக்கை விரல்களால் காட்டுவார். மூளை போன மனுசன் செய்கிற வேலையா இது?

மொழி என்பதும் அறிவு என்பதும் ஒன்றுதான் என்று நம்மில் பெரும்பாலானோர் யோசிக்காமலே நினைத்திருக்கிறோம். நினைப்பது மட்டுமென்றால் பரவாயில்லை, அதை வைத்துக்கொண்டு ஒரு மனிதரை உயிரோடு கணக்கிலிருந்து வெட்டிவிடுகிறோம். மூளை ஒரு சத்தத்தைச் சொல்லாக்கி, சொல்லைப் பொருளாக்கும் பாதையைக் கொஞ்சம் நடந்து பார்த்தால், பெரியப்பாவுக்கு எது போனது, எது போகவில்லை என்பது விளங்கும்.

புல்மோட்டை பஸ்ஸில் இடைவெளி இல்லை

கேட்பதிலிருந்து தொடங்குவோம். திருகோணமலை பஸ் நிலையத்தில் கொண்டக்டர் ஒருவர் கதவில் தொங்கிக்கொண்டு "நிலாவெளிகுச்சவெளிபுல்மோட்டைபுல்மோட்டை" என்று ஒரே மூச்சில் கத்துகிறார். உங்களுக்கு மூன்று ஊர்களின் பெயர் தனித்தனியாகக் கேட்கிறது. பக்கத்தில் முதுகுப் பையோடு நிற்கும் வெள்ளைக்காரருக்கு அது நீளமான ஒற்றைச் சத்தம். யாருடைய காது சரி?

அந்தச் சத்தத்தைப் பதிந்து, அதன் அலைவடிவைத் திரையில் பார்த்தால் வெள்ளைக்காரர்தான் சரி. எழுதும்போது சொற்களுக்கு நடுவே வெற்றிடம் விடுகிறோம். பேச்சில் அப்படி ஒன்றும் இல்லை. மௌனம் விழுகிற இடங்கள்கூடத் தாறுமாறானவை. "புட்டு" என்று மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். நடுவில் நாக்கு அண்ணத்தோடு ஒட்டி நிற்கும் ஒரு கணத்தில் சத்தமே இல்லை. சொல்லின் நட்டநடுவே மௌனம்! அதை நாம் இடைவெளியாகக் கேட்பதில்லை. இல்லாத இடத்தில் இடைவெளியைக் கேட்கிறோம், இருக்கிற இடத்தில் கேட்பதில்லை.

அப்படியானால் சொற்களை வெட்டி எடுப்பது மூளை. இந்த வேலையை அது தொட்டிலிலேயே பழகத் தொடங்குகிறது. 1996இல் ஜெனி சஃப்ரானும் இரண்டு சக ஆய்வாளர்களும் 8 மாதக் குழந்தைகளுக்குப் பொருளே இல்லாத அசைகளை இடைவெளியின்றி வெறும் 2 நிமிடம் கேட்கவைத்தார்கள். அதற்குள்ளேயே குழந்தைகள் எந்த அசைகள் சேர்ந்தே வருகின்றன, எவை தற்செயலாக ஒட்டிக்கொண்டன என்று பிரித்துவிட்டார்கள். நம் பஸ்ஸை வைத்துச் சொன்னால், "குச்ச" வந்தால் அடுத்து "வெளி" வருவது அநேகமாக நிச்சயம். "வெளி"க்குப் பிறகு எதுவும் வரலாம். நிச்சயம் தளர்கிற அந்த இடத்தில்தான் சொல் முடிகிறது. கணக்குத் தெரியாத பிள்ளை கணக்குப் போடுகிறது.

இங்கே ஒரு கலைச்சொல் தேவைப்படுகிறது: ஒலியன். ஒரு மொழியில் பொருளை மாற்றிவிடக்கூடிய மிகச் சிறிய ஒலிதான் ஒலியன். "பத்து", "பட்டு" இரண்டுக்கும் நடுவில் நாக்கு தொடும் இடம் மட்டும் மாறுகிறது, பொருள் தலைகீழாகிவிடுகிறது. ஆகவே த், ட் இரண்டும் நமக்கு வெவ்வேறு ஒலியன்கள். ஆங்கிலத்தில் இந்த வேறுபாடு கிடையாது. 1984இல் ஜெனட் வேர்க்கரும் றிச்சர்ட் டீஸும் ஹிந்தியிலுள்ள இதே த-ட வேறுபாட்டை, ஆங்கிலம் மட்டுமே புழங்கும் வீட்டுக் குழந்தைகளிடம் சோதித்தார்கள். ஆறேழு மாதத்தில் பிரித்துக் கேட்ட பிள்ளைகள், ஒரு வயதை நெருங்கும்போது பெரும்பாலும் அந்தத் திறனை விட்டுவிட்டிருந்தார்கள். வீட்டில் பயன்படாத வேறுபாட்டை மூளை சுமப்பதில்லை.

நமக்கும் அப்படித்தான். "கடல்", "தங்கம்", "பகல்" மூன்றிலும் உள்ள க வெவ்வேறு விதமாக ஒலிக்கிறது. ஒரே எழுத்து, ஒரே ஒலியன் என்று மூளை முடிவுகட்டியிருப்பதால் நாம் கவனிப்பதே இல்லை. சிங்களத்தில் முதலாவது ஒலிக்கும் இரண்டாவது ஒலிக்கும் தனித்தனி எழுத்து, பொருளும் மாறும். நான் சிங்களம் பழகிய காலத்தில் மரக்கறிச் சந்தையில் ஒரு மாமியிடம் இந்த இரண்டையும் மாற்றிச் சொல்லி, அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது இன்னும் ஞாபகம். என்ன சொன்னேன் என்று இன்றுவரை அவர் சொல்லவில்லை.

காதில் விழாததைக்கூட மூளை நிரப்பும். 1970இல் றிச்சர்ட் வொரன் என்ற உளவியலாளர் ஒரு வாக்கியப் பதிவிலிருந்து ஓர் ஒலியை முற்றாக வெட்டி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் இருமல் சத்தமொன்றை வைத்தார். கேட்டவர்களுக்கு முழுச் சொல்லும் கேட்டது. எந்த இடத்தில் ஒலி குறைகிறது என்று சொல்லக்கூட முடியவில்லை. கடற்காற்றிலும் ஹோர்ன் சத்தத்திலும் நாம் கதை பேசிக்கொண்டே நடக்க முடிவது இதனால்தான்.

இதுவரை வந்தது இவ்வளவுதான்: காது கொண்டுவந்து கொட்டுவது வெறும் சத்தம். அதை வெட்டி, தரம் பிரித்து, ஓட்டை அடைத்துச் சொல்லாக்குவது மூளை.

பாணில் காலுறை

அடுத்த தவறான எண்ணம், நாம் வாக்கியம் முடியும்வரை பொறுமையாகக் கேட்டுவிட்டுப் பிறகு பொருள் எடுக்கிறோம் என்பது. மூளைக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. எங்கள் பெரியம்மாவைப் போலத்தான். நீங்கள் வாய் திறந்தவுடனே மிச்சத்தை அவர் சொல்லி முடித்துவிடுவார்.

1980இல் கலிபோர்னியாவில் மார்ட்டா கூட்டாஸ், ஸ்டீவன் ஹில்யார்ட் இருவரும் ஒரு பரிசோதனை செய்தார்கள். தலைத்தோலில் மின்வாய்களை ஒட்டி, மூளையின் நரம்புக்கலங்கள் எழுப்பும் நுண்ணிய மின்னலைகளைப் பதிவது ஈ.ஈ.ஜி. எனப்படும். அந்தக் கருவியை மாட்டிக்கொண்டவர்களுக்கு வாக்கியங்களை ஒவ்வொரு சொல்லாகக் காட்டினார்கள். சில வாக்கியங்கள் ஒழுங்காக முடிந்தன. சில இப்படி முடிந்தன: அவன் சூடான பாணில் காலுறைகளைப் பூசினான். (உதாரணத்தை நான் இட்டுக்கட்டவில்லை, அவர்கள் பயன்படுத்தியதே ஏறத்தாழ இதுதான்.)

பொருந்தாத சொல்லைக் கண்டு சுமார் 400 மில்லிசெக்கனில், அதாவது அரைச் செக்கனுக்கும் குறைவான நேரத்தில், பதிவில் ஓர் அலை தனியாகத் தெரிந்தது. அதன் பெயர் என்-400. பொருத்தமான சொல்லையே பெரிய எழுத்தில் காட்டி ஆச்சரியப்படுத்தியபோது இந்த அலை வரவில்லை. வேறுவிதமான அலைதான் வந்தது. ஆகவே வெறும் திடுக்கிடுதலுக்கு மூளை ஒரு பதில் வைத்திருக்கிறது, பொருள் உதைக்கும்போது இன்னொன்று. பின்னர் வந்த ஆய்வுகள் காட்டியது இன்னும் சுவையானது. ஒவ்வொரு சொல்லுக்கும் இந்த அலை எழத்தான் செய்கிறது. எதிர்பார்த்த சொல்லுக்குச் சிறியதாக, எதிர்பாராததற்குப் பெரியதாக. எதிர்பார்ப்பு என்ற ஒன்று முன்கூட்டியே ஓடிக்கொண்டிருந்தால்தானே இது நடக்கும்?

தமிழில் வினைச்சொல் கடைசியில் வருவதால் நாம் கடைசிவரை இருட்டில் நிற்கிறோம் என்று யாராவது நினைக்கலாம். அப்படியில்லை. "பெரியம்மா மீனை..." என்று கேட்டவுடனேயே அந்த ஐ உருபு பாதிக் கதையைச் சொல்லிவிடுகிறது. வாங்கினாவோ வெட்டினாவோ பொரித்தாவோ, மீனுக்கு என்னவோ நடக்கப்போகிறது. "மீனுக்கு..." என்றால் புளி கரைக்கிற பக்கம் மனம் போகும். நம்மைப்போலவே வினையைக் கடைசியில் வைக்கும் ஜப்பானிய மொழியில், கேட்பவர்களின் கண்ணசைவைப் பதிந்து இதைப் பார்த்திருக்கிறார்கள். வேற்றுமை உருபுகள் காதில் விழுந்ததும், இன்னும் சொல்லப்படாத பொருளின் படத்தை நோக்கிக் கண் ஓடிவிடுகிறது.

ஆற்றுக்குள் ஆறு

சொல் கிடைத்துவிட்டது. பொருள்? ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள் இருந்தால் மூளை என்ன செய்யும்?

"மகாவலி ஆறு கொட்டியாரக் குடாவில் கடலோடு கலக்கிறது." இந்த வாக்கியத்தைப் படிக்கும்போது 6 என்ற எண் உங்கள் நினைவுக்கு வந்ததா? இல்லை என்றுதான் சொல்வீர்கள். ஆனால் ஒரு கணம் வந்துபோயிருக்க வாய்ப்புண்டு. 1979இல் டேவிட் ஸ்வின்னி இதை ஆங்கிலத்தில் சோதித்தார். பூச்சி, ஒட்டுக்கேட்கும் கருவி என்ற இரண்டு பொருளுமுள்ள ஓர் ஆங்கிலச் சொல்லை எடுத்துக்கொண்டார். சிலந்தி, கரப்பான் என்றெல்லாம் பேசி, பூச்சிதான் என்று ஐயமில்லாமல் தெரிகிற வாக்கியத்தில் அந்தச் சொல்லைக் கேட்கவைத்து, அதே கணத்தில் திரையில் வேறொரு சொல்லைக் காட்டினார். "எறும்பு" என்ற சொல்லை மட்டுமல்ல, "ஒற்றன்" என்ற சொல்லையும் மக்கள் வழக்கத்தைவிட வேகமாக இனங்கண்டார்கள். இரண்டு பொருளும் விழித்துக்கொண்டிருக்கின்றன. மூன்று அசை கழித்துச் சோதித்தபோது எறும்பு மட்டுமே மிஞ்சியிருந்தது.

வாசலில் மணி அடித்தால் வீட்டில் எல்லோரும் எழும்பிப் பார்க்கிறார்கள். யாரைத் தேடி வந்தது என்று தெரிந்ததும் மற்றவர்கள் திரும்பப் படுத்துவிடுகிறார்கள். அவ்வளவுதான் விஷயம்.

தலைக்குள் அகராதி இல்லை

நான் அதிகம் நிற்க விரும்பும் இடம் இது.

மூளைக்குள் ஒரு பெரிய அகராதி இருப்பதாகவும், சொல்லைக் கேட்டால் அந்தப் பக்கத்தைப் புரட்டுவதாகவும் ஒரு படம் நம் மனதில் இருக்கிறது. அகராதியில் "கடல்" என்றால் "பெரும் உப்புநீர்ப் பரப்பு" என்று ஒரு வரி இருக்கும். உள்துறைமுகத்தில் விடிய நாலு மணிக்கு வள்ளம் தள்ளுகிற ஒருவரிடம் "கடல்" என்று சொல்லிப் பாருங்கள். அவருக்குள் எழுவது காற்றின் திசை, கயிறு அறுத்த உள்ளங்கை, டீசல் மணம், போன மாதக் கடன். நுவரெலியாவிலிருந்து பள்ளிச் சுற்றுலாவில் வந்து கோணேசர் கோயில் பாறையின் மேலிருந்து முதன்முதல் எட்டிப் பார்க்கும் பிள்ளைக்கு அதே சொல் நீல நிறமும் தலைச்சுற்றும். இருவரும் "கடல்" என்று கதைத்தால் ஒருவரையொருவர் விளங்கிக்கொள்வார்கள். ஆனால் இருவர் தலைக்குள்ளும் நடப்பது ஒன்றல்ல.

இது கவிதைக்காகச் சொன்னதல்ல. 2004இல் கேம்பிரிட்ஜில் ஓலஃப் ஹௌக்கும் சக ஆய்வாளர்களும், நக்குதல், எடுத்தல், உதைத்தல் ஆகிய பொருளுள்ள ஆங்கில வினைச்சொற்களைச் சும்மா வாசிக்கக் கொடுத்து மூளையைப் படம்பிடித்தார்கள். உடம்பை அசைக்கும் மூளைப்பகுதியில் நாக்கு, கை, கால் ஒவ்வொன்றுக்கும் ஓரிடம் உண்டு. "உதை" என்று வாசித்தபோது காலை அசைக்கும் இடத்தருகேயும், "எடு" என்றபோது கைக்குரிய இடத்தருகேயும் செயற்பாடு கூடியது. 2016இல் அலெக்ஸ் ஹூத்தும் அவருடைய குழுவினரும் ஒரு சிலரை ஸ்கான் கருவிக்குள் படுக்கவைத்து, இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் கதைகளைக் கேட்கவைத்து, எந்தச் சொற்கூட்டத்துக்கு மூளையின் எந்த இடங்கள் எழும்புகின்றன என்று வரைபடம் போட்டார்கள். பொருள் ஒரு மூலையில் அடங்கியிருக்கவில்லை. இடது, வலது என்று பாராமல் மூளைப் புறணி என்ற அதன் மேற்படை எங்கும் பரவிக் கிடந்தது.

சிதறிக் கிடப்பவற்றைச் சேர்த்துக் கட்டும் ஒரு முடிச்சும் வேண்டும். அது பொட்டுப் பக்கம், காதுக்குச் சற்று முன்னால் உள்ளே இருக்கும் மூளைப்பகுதியில் இருப்பதாகப் பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அதற்கு ஆதாரம் ஒரு நோய். அந்தப் பகுதி மெல்லமெல்லத் தேய்ந்துபோகிற ஒருவகை மறதிநோயில், ஆள் சரளமாகக் கதைப்பார், இலக்கணம் பிசகாது. ஆனால் பொருள் கழன்றுகொண்டே போகும். கோட்டை வாசலில் புள்ளிமான் மேய்வதைச் சின்ன வயதிலிருந்து பார்த்து வளர்ந்த மனிதர் ஒருவருக்கு இது வந்தால், "மான் நிக்குது பார்" என்று நாம் சொல்ல, "மான் எண்டால் என்ன?" என்று நல்ல தமிழில் கேட்பார். மானைக் கண்ணால் பார்த்தாலும் அது இன்னதென்று தெரியாது. பெரியப்பாவுக்கு நேர் எதிர். மானைக் கண்டால் பேரனுக்கு விரலால் காட்டி, அதன் கொம்பைக் கையால் வரைந்து காட்டுகிறார். பெயர் மட்டும் வராது. ஊர் அப்படியே இருக்கிறது. ஊருக்குப் போகும் பாதை உடைந்துவிட்டது.

சொல்லின் பொருள் வாழ்ந்த வாழ்க்கையிலிருந்து வருகிறது என்பதற்கு இன்னொரு சான்று வேண்டுமா? "அம்மா என்னைப் பேசினவ" என்று ஒரு திருகோணமலைப் பிள்ளை சொன்னால், அம்மா திட்டினார் என்று அர்த்தம். சென்னையிலிருந்து வந்த என் நண்பர் ஒருவர், அம்மா பேசியதற்கு ஏன் இந்தப் பிள்ளை அழுகிறது என்று விழித்துக்கொண்டு நின்றார். அவருக்குப் "பேசு" என்றால் நாம் "கதை" என்பது. எழுத்து ஒன்று, ஒலி ஒன்று, அகராதியும் ஒன்று.

"டான்" என்ற மனிதர்

இனி பெரியப்பாவின் மூளைக்கு வருவோம். அவருக்கு 160 வருடம் முந்திய ஒரு சகோதரர் இருக்கிறார்.

1861இல் பாரிஸுக்குப் பக்கத்திலுள்ள பிசேத்ர் ஆஸ்பத்திரியில் லெபோர்ன் என்ற நோயாளியை போல் புரோக்கா என்ற மருத்துவர் பரிசோதித்தார். அவர் 21 வருடமாக அங்கே இருந்தவர். என்ன கேட்டாலும் "டான், டான்" என்பதுதான் பதில். ஆஸ்பத்திரியில் அவர் பெயரே "டான்" ஆகிவிட்டது. வலக்கையும் வலக்காலும் விழுந்திருந்தன. எத்தனை வருடமாக இங்கே இருக்கிறீர் என்று கேட்டபோது, இடக்கையை நாலு தரம் விரித்துக் காட்டி, பிறகு ஒரு விரலை நீட்டினார். இருபத்தொன்று. கணக்குச் சரி. இதை முதன்முதல் வாசித்தபோது எனக்கு எங்கள் விறாந்தைதான் கண்ணுக்குள் வந்தது.

சில நாட்களில் அவர் இறந்துவிட, புரோக்கா மூளையைத் திறந்து பார்த்தார். இடது நெற்றிப் பக்கம் பழுதடைந்திருந்தது. அந்த இடத்துக்குப் புரோக்கா பகுதி என்று பெயர் வந்தது. 1874இல் கார்ல் வேர்னிக்கே என்ற 26 வயது மருத்துவர் எதிர்மாதிரியான நோயாளிகளை விவரித்தார். அவர்கள் தங்குதடையின்றிக் கதைத்தார்கள், ஆனால் சொற்கள் பொருளின்றிக் குழம்பின. பிறர் சொல்வதும் விளங்கவில்லை. பழுது இடது காதுக்கு மேலே, சற்றுப் பின்னால் இருந்தது.

பாரிசவாதம் போன்றவற்றால் மூளை பழுதடைந்து மொழி குலைவதற்கு அஃபேசியா என்று பெயர். நான் இங்கே மொழியிழப்பு என்கிறேன்.

இந்த இரண்டு கண்டுபிடிப்புகளையும் வைத்துத்தான், "முன்னால் பேச்சுப் பெட்டி, பின்னால் விளக்கப் பெட்டி" என்ற படம் பாடப்புத்தகங்களில் ஏறியது. படம் அழகானது, அரைகுறையானது. பத்திரப்படுத்தி வைத்திருந்த லெபோர்னின் மூளையை 2007இல் ஸ்கான் செய்து பார்த்தார்கள். பழுது புரோக்கா பகுதியோடு நிற்கவில்லை. ஆழத்தில், பகுதிகளை இணைக்கும் நரம்பு இழைக்கட்டுகள் வரை போயிருந்தது. இன்று மொழியைப் பெட்டிகளாகப் பார்ப்பதைவிட, தெருக்களால் இணைந்த சந்திகளாகப் பார்ப்பதே சரி. சந்தி நன்றாயிருந்தாலும் தெரு அடைபட்டால் பஸ் வராது.

"இடது மூளைக்காரர் கணக்கு, வலது மூளைக்காரர் கலை" என்று ரியூஷன் விளம்பரங்களில் வருகிறதே, அதைக் கிழித்துப் போடலாம். இடதுபக்கம் மொழியில் முன்னிற்பது உண்மை. வலக்கைப் பழக்கமுள்ளவர்களில் நூற்றுக்கு 95 பேர் அளவிலும், இடக்கைப் பழக்கமுள்ளவர்களில் 70 பேர் அளவிலும் அப்படி. மூளையின் இடதுபக்கம்தான் உடம்பின் வலதுபக்கத்தை ஆள்கிறது என்பதால், பேச்சும் வலக்கையும் ஒன்றாக விழுவதை அடிக்கடி பார்க்கிறோம். ஆனால் வலதுபக்கம் சும்மா இருக்கவில்லை. குரலின் ஏற்ற இறக்கம், நையாண்டி, கதையின் ஓட்டம் இவற்றில் அதற்குப் பெரும் பங்குண்டு. "நல்ல வேலை செய்தாய்!" என்பது பாராட்டா, ஏச்சா என்று சொற்களிலிருந்து தெரியாது, குரலிலிருந்துதான் தெரியும்.

இரண்டு மொழி புழங்குகிறவர்கள் இந்த ஊரில் நிறைய. ஒவ்வொரு மொழிக்கும் மூளையில் தனி அறை என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலும் ஒரே வலையமைப்பில்தான் இரண்டும் ஓடுகின்றன. ஆனாலும் மொழியிழப்புக்குப் பிறகு இரண்டும் ஒரே வேகத்தில் திரும்புவதில்லை. சிலருக்குத் தாய்மொழி முந்தும், சிலருக்கு அன்றாடம் புழங்கியது முந்தும்.

தேவாரம் வரும், தண்ணீர் வராது

பெரியப்பா ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து நாலைந்து மாதம் இருக்கும். விளக்கு வைக்கிற நேரம் பெரியம்மா தேவாரம் தொடங்க, பின்னால் இன்னொரு குரல் சேர்ந்துகொண்டது. பெரியப்பா! சொல் பிசகாமல் ஒரு முழுப் பாட்டு. எல்லோரும் அழுதுவிட்டோம். பெரியம்மா உடனே "தண்ணி எண்டு சொல்லுங்கோ பாப்பம்" என்றார். "என்னண்டா" என்றார்.

இது அதிசயமுமல்ல, நடிப்புமல்ல. (நடிக்கிறார் என்று சொன்ன ஒருவரும் இருந்தார்.) தேவாரம், தை-மாசி-பங்குனி, ஒன்று-இரண்டு-மூன்று, கோபத்தில் தானாக வரும் கெட்ட வார்த்தை, இவையெல்லாம் ஆயிரம் தரம் சொல்லிச் சொல்லி ஒரே சங்கிலியாகிவிட்டவை. முதற்கண்ணியை இழுத்தால் மிச்சம் வரும். "தண்ணி" என்று சொல்வதற்கு அப்படி ஒரு சங்கிலி இல்லை. ஆயிரக்கணக்கான சொற்களுக்குள்ளிருந்து ஒன்றைத் தேர்ந்து, அதன் ஒலிகளை வரிசைப்படுத்தி, வாய்க்கு அனுப்ப வேண்டும். உடைந்தது அந்தத் தெரு. பாடும் திறன் எஞ்சியிருப்பதைப் பயன்படுத்தி, தேவையான சிறு சொற்றொடர்களை ராகத்தோடு இழுத்துச் சொல்லப் பழக்கும் சிகிச்சை முறையொன்று 1973 முதல் இருக்கிறது. பேச்சுச் சிகிச்சையாளர்கள் சிலருக்கு அதைச் செய்வார்கள். எல்லோருக்கும் சரிவருவதில்லை.

பாரிசவாதம் வந்த அன்று காலை எங்கள் வீட்டில் எண்ணெய் தேய்ப்பதா, வைத்தியரைக் கூப்பிடுவதா என்று ஒரு மணித்தியாலம் போனது. முகம் ஒருபக்கம் கோணினால், கை விழுந்தால், பேச்சுக் குழறினால் இலங்கையில் உடனே 1990 என்ற இலக்கத்துக்கு அடியுங்கள்; அம்புலன்ஸ் இலவசம். இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தை வழக்கமாக நாலரை மணித்தியாலத்துக்குள் ஏற்ற வேண்டும். அதிலும் முந்தினால் முந்தினது லாபம்.

யோசனை எதில் ஓடுகிறது?

சொல்லில்லாமல் யோசிக்க முடியுமா என்று கேட்பார்கள். தலைக்குள் ஒரு குரல் ஓடிக்கொண்டே இருப்பதால், அந்தக் குரல்தான் யோசனை என்று நமக்குப் படுகிறது.

2005இல் றோஸ்மேரி வார்லி என்ற ஆய்வாளரும் சக ஆய்வாளர்களும் கடுமையான மொழியிழப்புள்ள மூவரைச் சோதித்தார்கள். மனிதன் சிங்கத்தைக் கொன்றான், சிங்கம் மனிதனைக் கொன்றது என்ற வகை வாக்கியங்களில் யார் கொன்றார், யார் செத்தார் என்று அவர்களால் பிரிக்க முடியவில்லை. ஆனால் 59இலிருந்து 13ஐக் கழிப்பதும், 13இலிருந்து 59ஐக் கழிப்பதும் வேறு என்று நன்றாகத் தெரிந்தது. அடைப்புக்குறி போட்ட கணக்குகளையும் செய்தார்கள். வாக்கியத்தில் வரிசை தொலைந்துவிட்டது, கணக்கில் தொலையவில்லை. நலமானவர்களின் மூளையைப் படம்பிடித்த ஆய்வுகளும் இதே பக்கம்தான் நிற்கின்றன. வாக்கியத்தைக் கேட்கும்போது எழும்பும் பகுதிகள், கணக்குப் போடும்போது பெரும்பாலும் சும்மா கிடக்கின்றன.

எல்லோருக்கும் இப்படி என்று சொல்லிவிட முடியாது. பழுது பெரிதானால் வேறு திறன்களும் சேர்ந்து பாதிக்கப்படலாம். பெரியப்பாவும் நீண்ட வாக்கியங்களில் தடுக்கி விழுகிறார். செய்தி வாசிக்கும் வேகம் அவருக்கு ஒத்துவராது. டீவியை நிறுத்திவிட்டு எங்களைப் பார்ப்பார். ஆகவே நாங்கள் பழகிக்கொண்டது இதுதான்: குட்டி வாக்கியம், ஒரு நேரத்தில் ஒரு விஷயம். "என்ன சாப்பிடப் போறீங்கள்?" என்று கேட்காமல், "புட்டா?" என்று கேட்டு நிறுத்துவது. தலை ஆடாவிட்டால் "இடியப்பமா?" பதிலுக்குக் காத்திருப்பது, எனக்கு மிகக் கஷ்டமாக இருந்தது அதுதான். சத்தம் போடத் தேவையில்லை. காது நன்றாகவே இருக்கிறது.

போன ஞாயிறு ஆள் குறைந்ததால், முதல் கிழமை தீர்ப்புச் சொன்ன அயலவரே அவருக்குக் கூட்டாளியாக உட்கார வேண்டிவந்தது. கைநிறைய நல்ல காட்ஸ் வைத்துக்கொண்டு மனுசன் அவசரத்தில் துரும்பை வெட்டி வீணாக்கினார். பெரியப்பா விழுந்த காட்ஸை ஒருதரம் பார்த்தார், அவரை ஒருதரம் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, இழுத்து, "என்... னண்டா...?" என்றார்.

"சரி அண்ணை, சரி. விளங்குது," என்று சொல்லிக்கொண்டு அவர் கட்டைக் கலைக்கத் தொடங்கினார்.